மிச்சக் கணக்கு: சி.எஸ்.கே-வின் முன்னாள் வீரர்களை எண்களில் படிப்பது எப்படி?



ராஜபாளையம் ஆகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகட்டும், ஏப்ரல் மாசம் வந்துட்டா டீக்கடை பெஞ்சு, ஹாஸ்டல் மொட்டை மாடி, காலேஜ் பஸ்ஸோட கடைசி சீட்டு என எல்லா இடத்துலயும் ஒரே பஞ்சாயத்துதான். "சி.எஸ்.கே-வுக்கு ஆடினதுலயே பெஸ்ட் யாரு மாப்ள?" ஒருத்தன் ரெய்னா என்பான், இன்னொருத்தன் ஹஸ்ஸி என்பான், மூணாவது ஆள் "பிராவோ இல்லாம கப்பு எங்கடா வந்துச்சு?" என்பான். உடனே போனை எடுத்து ஆளுக்கு ஒரு எண்ணைக் காட்டுவாங்க. எல்லா எண்ணும் சரியாத்தான் இருக்கும். பஞ்சாயத்து மட்டும் முடியாது.

ஏன்னா, ஒவ்வொரு எண்ணும் ஒரு கேள்விக்கான பதில். கேள்வியை விட்டுட்டுப் பதிலை மட்டும் மோதவிட்டா விடிய விடியப் பேசலாம். இந்தக் கட்டுரையில், இப்போது மஞ்சள் சட்டையில் ஆடாத சில சென்னை வீரர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய எண்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று பார்ப்போம். கடைசியில், நம்ம ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுக்கும் உதவுற மாதிரி ஒரு சின்னக் கணக்கையும் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நூலுக்குக் கவுண்ட் மாதிரி

நம்ம பக்கத்துல நூற்பாலையில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. நூலை 40, 60, 80 என்று கவுண்ட் சொல்லிப் பிரிப்பாங்க. ஒரு பவுண்டு நூலை நீட்டினால் அதில் 840 கெஜம் எத்தனை தடவை வருமோ, அதுதான் கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெலிசு. ஆனால் 80 பெரிசு, 40 சின்னது என்பதால் 80-தான் 'நல்ல நூல்' என்று எந்த மில்லிலும் சொல்ல மாட்டாங்க. போர்வைக்கு ஒரு கவுண்ட், சட்டைத் துணிக்கு ஒரு கவுண்ட். அதோட நூலின் பலத்தைத் தனியா சோதிச்சுப் பார்ப்பாங்க. கவுண்ட் மெலிசைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது.

கிரிக்கெட் எண்களும் அப்படித்தான். முக்கியமானவை நாலு:

மொத்த ரன்: எவ்வளவு காலம், எவ்வளவு உழைச்சார் என்று சொல்லும்.

சராசரி: மொத்த ரன்னை, எத்தனை தடவை அவுட் ஆனாரோ அதால் வகுத்தால் வருவது. ஆடின இன்னிங்ஸால் வகுப்பதில்லை, இதைக் கவனிங்க. 'ஒரு விக்கெட்டை எதிரணி என்ன விலை கொடுத்து வாங்கியது?' என்பதுதான் இதன் கேள்வி.

ஸ்ட்ரைக் ரேட்: 100 பந்துக்கு எத்தனை ரன். வேகத்தைச் சொல்லும்.

எகானமி: பந்துவீச்சாளர் ஓர் ஓவருக்குக் கொடுத்த ரன். கஞ்சத்தனத்தைச் சொல்லும்.

இந்த நாலும் சொல்லாத ஒண்ணு இருக்கிறது: அந்த ரன் எப்போது, எந்த ஆட்டத்தில், என்ன நிலைமையில் வந்தது? அங்கேதான் நம்ம கதை ஆரம்பிக்குது.

ஒரே 733, ரெண்டு ஆட்டம்

மைக்கேல் ஹஸ்ஸியை எடுத்துக்கொள்வோம். சென்னை அணி தன் முதல் ஐ.பி.எல் ஆட்டத்தை 2008 ஏப்ரல் 19 அன்று மொஹாலியில் பஞ்சாபுக்கு எதிராக ஆடியது. அதிலேயே 54 பந்தில் 116 ரன் அடித்து அவுட் ஆகாமல் நின்றவர் அவர். அணியின் முதல் சதம் முதல் ஆட்டத்திலேயே வந்துவிட்டது. 2013-ல் அவர் 733 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பியை வென்றார்.

இப்போ ஒரு வேடிக்கை. அதற்கு முந்தைய வருஷம், 2012-ல், ஆரஞ்சுத் தொப்பியை வென்றவர் பெங்களூருவின் கிறிஸ் கெய்ல். அவர் எடுத்த ரன்? அதுவும் 733-தான்!

மொத்த ரன்னை மட்டும் பார்த்தால் ரெண்டு பேரும் சமம். ஆனால் கெய்ல் 14 இன்னிங்ஸில் எடுத்ததை ஹஸ்ஸி 17 இன்னிங்ஸில் எடுத்தார். கெய்லின் ஸ்ட்ரைக் ரேட் 160-ஐத் தாண்டியது. ஹஸ்ஸிக்கு 129.5. பந்துக் கணக்கில் சொன்னால், அதே 733 ரன்னுக்கு ஹஸ்ஸி ஏறக்குறைய 110 பந்து அதிகம் எடுத்துக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு முழு இன்னிங்ஸ்!

"அப்போ கெய்ல்தான் பெரிய ஆளு" என்று முடிச்சுடலாமா? அவசரப்படாதீங்க. ஹஸ்ஸிக்குப் பின்னால் ரெய்னா, தோனி, பிராவோ, ஜடேஜா என்று வரிசையாக அடிக்கிற ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் வேலை, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவங்களுக்குக் கடைசி ஓவர்களைப் பத்திரமா ஒப்படைப்பது. 17 இன்னிங்ஸில் 14 தடவைதான் அவுட் ஆனார், அதனால்தான் சராசரி 52-க்கு மேல். 2013-ல் சென்னை இறுதிப் போட்டி வரை போனது. 2012-ல் கெய்ல் அத்தனை அடித்தும் பெங்களூரு பிளே-ஆஃபுக்குள் நுழையவில்லை. போர்வை நூலும் சட்டை நூலும் வேற வேற என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இது.

சென்னைக்கு ஆரஞ்சுத் தொப்பியை முதலில் கொண்டுவந்தவர் மேத்யூ ஹேடன். தென்னாப்பிரிக்காவில் நடந்த 2009 தொடரில் 12 ஆட்டத்தில் 572 ரன். சராசரி 52, ஸ்ட்ரைக் ரேட் 144-க்கு மேல். அந்த ஜனவரியில்தான் சர்வதேச கிரிக்கெட்டுக்கு விடை கொடுத்திருந்தார். 'ஓய்வு பெற்றவர்' என்ற முத்திரையும் ஒரு எண் மாதிரிதான், முழுக் கதையைச் சொல்லாது.

பேஸ்பால் சொல்லிக் கொடுத்த பாடம்

எண்ணைச் சந்தேகப்படுகிற இந்தப் பழக்கத்தை முதலில் பெரிசா வளர்த்தவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாக ஆட்டக்காரரை அளந்தது 'பேட்டிங் ஆவரேஜ்' என்ற ஒரே எண். அடித்து ஓடியதை மட்டும் அது எண்ணும். பந்துவீச்சாளர் நாலு தப்பான பந்து போட்டால் அடிப்பவர் இலவசமாக முதல் தளத்துக்கு நடந்து போகலாம். பொறுமையா நின்னு அப்படி நடந்து போறவரை அந்த எண் கண்டுக்கவே கண்டுக்காது. ஆனால் அணிக்கு அதுவும் லாபம்தானே?

பில் ஜேம்ஸ் என்ற எழுத்தாளர் 1970-களின் கடைசியிலிருந்து இதையெல்லாம் கேள்வி கேட்டு எழுத ஆரம்பித்தார். இந்த ஆய்வுமுறைக்கு 'சேபர்மெட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்ததும் அவரே. 2002-ல் பணவசதி குறைந்த ஓக்லண்ட் அணி, பேட்டிங் ஆவரேஜை ஓரம் வைத்துவிட்டு 'எத்தனை தடவை அவுட் ஆகாமல் தளத்தை அடைகிறார்' என்ற எண்ணைப் பார்த்து ஆட்களை எடுத்தது. தொடர்ந்து 20 ஆட்டங்களில் ஜெயித்தது, அந்தப் பருவத்தில் மொத்தம் 103 வெற்றி. 'மணிபால்' புத்தகமும் படமும் இதைப் பற்றியவைதான்.

இதில் நமக்கான பாடம் ரொம்ப எளிது: எந்த எண் வெற்றிக்கு உதவுதோ அதை எண்ணு. கையில் கிடைக்கிற எண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு வெற்றியை விளக்காதே.

நம்ம கருவி: மிச்சக் கணக்கு

இப்போ டி20-க்கு ஒரு எளிய கருவி செய்வோம். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

ஓர் அணி 20 ஓவரில் 180 ரன் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. 120 பந்தில் 180 என்றால் ஒரு பந்துக்கு ஒன்றரை ரன் வேணும். ஒருத்தர் 20 பந்து ஆடினால் அவர் 'கட்ட வேண்டிய' ரன் 30. அவர் 38 அடித்தால் அணிக்கு 8 ரன் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார். 22 அடித்தால் 8 ரன் பாக்கி வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பாக்கியை அடுத்து வர்றவன் அடைக்கணும். சீட்டுப் பணம், கடைப் பற்று எழுதுற அதே கணக்குதான்.

அடித்த ரன்னிலிருந்து, ஆடிய பந்து × ஒரு பந்துக்குத் தேவையான ரன் என்பதைக் கழித்தால் மிச்சம். அவ்வளவுதான். பந்துவீச்சுக்கு இதையே திருப்பிப் போட்டால் போதும்.

இந்தக் கருவியோடு சென்னையின் பழைய ஆட்டங்களுக்குள் போவோம்.

87 அடித்தும் தோற்ற ராத்திரி

சுரேஷ் ரெய்னா, நம்ம 'சின்ன தல'. ஐ.பி.எல்-லில் சென்னைக்காக மட்டும் 4687 ரன். 2008 முதல் 2014 வரை ஏழு பருவங்களிலும் ஒன்றுகூட விடாமல் 400 ரன்னைத் தாண்டியவர். இத்தனைக்கும் ஆரஞ்சுத் தொப்பி அவருக்கு ஒரு தடவையும் கிடைக்கவில்லை. முதலிடம் வராமலே வருஷா வருஷம் மார்க் எடுக்கிற பையன் வகுப்புக்கு ஒருத்தன் இருப்பான்ல? அந்த ரகம். அந்தந்த வருஷப் பட்டியலின் உச்சியை மட்டும் பார்த்தால் அவர் அருமை தெரியாது. ஏழு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். பொறியியல் பாஷையில் சொன்னால், சராசரியோடு சிதறலையும் பார்க்கணும்.

2014 மே 30, மும்பை வான்கடே. இறுதிப் போட்டிக்குப் போவதற்கான ஆட்டத்தில் பஞ்சாப், சேவாக்கின் 122 ரன் புண்ணியத்தில் 226 எடுத்தது. சென்னைக்கு 227 இலக்கு. ரெய்னா 25 பந்தில் 87 அடித்தார். பவர்பிளே ஆறு ஓவரில் சென்னை 100-ஐத் தொட்டது. ஏழாவது ஓவரின் முதல் பந்தில் ஜார்ஜ் பெய்லி நேரடியாக ஸ்டம்பில் அடித்து ரெய்னாவை ரன் அவுட் ஆக்கினார். சென்னை 202-ல் நின்றது. 24 ரன்னில் தோல்வி.

மிச்சக் கணக்கு போடுங்க. 120 பந்தில் 227 என்றால் ஒரு பந்துக்குச் சுமார் 1.9 ரன். 25 பந்துக்கு ஏறக்குறைய 47 கட்டினால் போதும். அவர் கொடுத்தது 87. மிச்சம் 40 ரன்! மீதி 95 பந்தில் அணிக்கு 140 ரன் வேண்டியிருந்தது, வந்தது 115.

பட்டியலில் இந்த ஆட்டம் சென்னைக்கு 'தோல்வி' என்றுதான் இருக்கும். ரெய்னாவின் சராசரிக்கு இது வெறும் ஒரு 87, ஒரு அவுட். ஆனால் அவர் வைத்துவிட்டுப் போன 40 ரன் மிச்சத்தை இன்னிக்கும் சென்னை ரசிகர்கள் பெருமூச்சோடுதான் சொல்றாங்க. தோற்ற அணியிலும் தன் பங்கை முழுசாகக் கட்டினவர் இருப்பார் என்பதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

பத்துப் பந்தில் பூஜ்யம்

இப்போ நேர் எதிர்க் கதை. 2018 மே 27, அதே வான்கடே. ரெண்டு வருஷத் தடைக்குப் பிறகு திரும்பி வந்த சென்னை, இறுதிப் போட்டியில் ஹைதராபாத்தின் 178-ஐத் துரத்துகிறது. ஷேன் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பத்துப் பந்து, பூஜ்யம்!

120 பந்தில் 179 என்றால் ஒரு பந்துக்கு ஒன்றரை. அதாவது பத்துப் பந்து முடிந்தபோது வாட்சன் பெயரில் 15 ரன் பாக்கி. அந்த நேரத்தில் எத்தனை வீட்டில் டி.வி ரிமோட் பறந்திருக்கும் என்று நினைச்சுப் பாருங்க. அதற்குப் பிறகு ஆடிய 47 பந்தில் அவர் அடித்தது 117. கடைசியில் 57 பந்தில் 117, அவுட் இல்லை. 57 பந்துக்குக் கட்ட வேண்டியது 85. ஆக, 15 ரன் பாக்கியில் இருந்தவர் 32 ரன் மிச்சத்தில் முடித்தார். சென்னை 18.3 ஓவரில் எட்டு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கியது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். பஸ் முதல் ரெண்டு கிலோமீட்டரை மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து கடந்தால், அதை மட்டும் வைத்து 'இன்னிக்கு முதல் ஹவர் போச்சு' என்று முடிவு கட்டுறோமா? மெயின் ரோட்டுக்கு வரட்டும் என்று காத்திருப்போம். பாதி வழியில் எடுத்த சராசரி பாதி வழிக்கான சராசரி மட்டும்தான்.

ஸ்ட்ரைக் ரேட் 66, ஆனாலும் லாபம்!

மெதுவா ஆடினால் எப்பவும் பாக்கிதான் என்றும் நினைச்சுடாதீங்க. 2019 மார்ச் 23, சேப்பாக்கத்தில் பருவத்தின் முதல் ஆட்டம். சுழலும் ஆடுகளத்தில் பெங்களூரு 70 ரன்னுக்குச் சுருண்டது. 40 வயதை எட்டிக்கொண்டிருந்த இம்ரான் தாஹிர் 4 ஓவரில் 9 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். அந்தப் பருவம் முடியும்போது 26 விக்கெட்டோடு ஊதாத் தொப்பி அவர் தலையில்.

71 ரன் எடுக்க சென்னைக்கு 17.4 ஓவர் ஆச்சு. சென்னைக்கு அதிக ரன் எடுத்தவர் அம்பத்தி ராயுடு: 42 பந்தில் 28. ஸ்ட்ரைக் ரேட் 66.67. இந்த எண்ணை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டால் மீம் போட்டே கொன்னுடுவாங்க. ஆனால் 120 பந்தில் 71 என்றால் ஒரு பந்துக்கு 0.6 ரன்கூட வேண்டாம். 42 பந்துக்குக் கட்ட வேண்டியது சுமார் 25. அவர் கொடுத்தது 28. அந்த ஆடுகளத்தில் மிச்சம் 3 ரன்!

அதே ராயுடுவின் கடைசி ஐ.பி.எல் ஆட்டம், 2023 இறுதிப் போட்டி. அகமதாபாத்தில் மழை கொட்டியதால் சென்னைக்கு 15 ஓவரில் 171 இலக்கு. ராயுடு 8 பந்தில் 19. ஸ்கோர்கார்டில் கண்ணுக்கே படாத எண். 90 பந்தில் 171 என்றால் 8 பந்துக்கு 15 ரன் கட்டணும். அவர் வைத்த மிச்சம் 4 ரன். அந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னைக்குத் தேவைப்பட்டது எத்தனை தெரியுமா? 4 ரன். ஜடேஜா அதை அடித்து முடித்தார். ராயுடுவின் அந்தச் சின்ன மிச்சம் இல்லாவிட்டால், கடைசிப் பந்தில் ஜடேஜா எட்டு அடிக்க வேண்டியிருந்திருக்கும். ஒரு பந்தில் எட்டு அடிக்க எந்த மட்டையாலும் முடியாது.

இன்னொரு சுவாரசியம்: அந்தக் கடைசி ஓவரை குஜராத்துக்காகப் போட்டவர் மோஹித் சர்மா. 2014-ல் சென்னைக்காக 23 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வென்ற அதே மோஹித்!

ராயுடுவை ஒரே ஸ்ட்ரைக் ரேட்டுக்குள் அடைத்தால் இந்த ரெண்டு ஆட்டமும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். நிலைமையோடு வைத்துப் பார்த்தால் ரெண்டுலயும் அவர் செய்தது ஒரே வேலைதான்: கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தது.

பந்துவீச்சாளரின் சேமிப்பு

2010 ஏப்ரல் 3, சேப்பாக்கம். ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்தில் 127, அதில் 11 சிக்ஸர். சென்னை 246. பதிலுக்கு ராஜஸ்தான் 223. ரெண்டு அணியும் சேர்ந்து 469 ரன். ஆட்ட நாயகன் விஜய், நியாயம்தான்.

ஆனால் அதே ஆட்டத்தில் டக் பொலிஞ்சர் என்ற ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் 4 ஓவரில் வெறும் 15 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். ராஜஸ்தானுக்கு ஓவருக்கு 12 ரன்னுக்கு மேல் வேண்டியிருந்தது. நாலு ஓவருக்கு 49 ரன். பொலிஞ்சர் கொடுத்தது 15 என்றால் சேமிப்பு 34 ரன். சென்னை ஜெயித்த வித்தியாசம்? 23 ரன். கணக்கை நீங்களே முடிச்சுக்கோங்க.

எகானமியை வைத்து ரெண்டு பேரை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை வேணும். ஐ.பி.எல் முழுக்கவும் சேர்த்து அஸ்வின் 221 ஆட்டத்தில் 187 விக்கெட், எகானமி ஓவருக்கு 7.2 ரன். டுவைன் பிராவோ 161 ஆட்டத்தில் 183 விக்கெட், எகானமி 8.38. இதில் சென்னைக்காக மட்டும் 140 விக்கெட். எகானமியை மட்டும் பார்த்தால் அஸ்வின் சிக்கனக்காரர், பிராவோ தாராளப் பிரபு. ஆனால் பிராவோ பெரும்பாலும் பந்தை வாங்கினது கடைசி ஓவர்களில், மட்டை பிடித்தவன் கண்ணை மூடிக்கொண்டு சுத்துகிற நேரத்தில். அங்கே ஓவருக்கு எட்டு ரன் என்பது சேமிப்பு. அஸ்வின் பந்தை வாங்கினது புதுப் பந்திலும் நடு ஓவர்களிலும். 2011 இறுதிப் போட்டியில், 608 ரன்னோடு வந்திருந்த கெய்லை முதல் ஓவரிலேயே பூஜ்யத்தில் அனுப்பியது அவர்தான். அந்த ஒரு விக்கெட்டும் கணக்கில் ஒன்று என்றுதான் ஏறும், பதினோராவது ஆட்டக்காரரின் விக்கெட்டும் ஒன்று என்றுதான் ஏறும். ஆனால் ரெண்டும் ஒன்றா?

பிராவோ 2013-ல் 18 ஆட்டத்தில் 32 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வென்றார். 2015-ல் 26 விக்கெட்டோடு மறுபடியும். அந்தத் தொப்பியை ரெண்டு தடவை வென்ற முதல் ஆள் அவர்தான்.

பட்டியலில் கீழே இருப்பவர்கள்

எல்லா அணியிலும் சில பேர் பட்டியலின் உச்சிக்கு வரவே மாட்டாங்க. நம்ம பத்ரிநாத்தை எடுத்துக்கோங்க. 95 ஐ.பி.எல் ஆட்டம், 1441 ரன். சராசரி 30-க்குச் சற்று மேல், ஸ்ட்ரைக் ரேட் 119-க்குச் சற்றுக் கீழ். பெரிய எண்கள் இல்லை. ஆனால் மேல் வரிசை சரிந்தால்தான் அவருக்கு ஆட நேரம் கிடைக்கும், நல்லா ஆடினால் அவர் பேட் கட்டிக்கொண்டு பெவிலியனிலேயே உட்கார்ந்திருப்பார். 2010, 2011 ரெண்டு கோப்பை அணிகளிலும் அவர் இருந்தார்.

ஆல்பி மோர்கல், 2012 ஏப்ரல் 12, சேப்பாக்கம். பெங்களூருவுக்கு எதிராக 206 இலக்கு, கடைசி ரெண்டு ஓவரில் 43 வேணும். 19-வது ஓவரைப் போட வந்தவர் விராட் கோலி. மோர்கல் அந்த ஓவரில் 28 ரன் எடுத்தார். அடுத்த ஓவரின் முதல் பந்தில் அவுட். 7 பந்தில் 28 ரன். கடைசிப் பந்தில் சென்னை ஜெயித்தது. ஏழு பந்து மட்டும் வேலை செய்தவரை எந்த மொத்தப் பட்டியலும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

லட்சுமிபதி பாலாஜி, 2008 மே 10. பஞ்சாபுக்கு எதிராக 24 ரன் கொடுத்து 5 விக்கெட், அதில் ஐ.பி.எல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக். நம்ம தமிழ்நாட்டுப் பையன் எடுத்தது!

ஃபாஃப் டு பிளெஸ்ஸி, 2021. அந்தப் பருவத்தில் ருதுராஜ் 635 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். டு பிளெஸ்ஸி எடுத்தது 633. இறுதிப் போட்டியின் முதல் இன்னிங்ஸில் 59 பந்தில் 86 எடுத்து, கடைசிப் பந்தில் தூக்கி அடித்து கேட்ச் ஆனார். அது பவுண்டரிக்குப் போயிருந்தால் தொப்பி அவர் தலைக்கு மாறியிருக்கும். ரெண்டு ரன் வித்தியாசத்தில் ஒருவர் 'முதல்', ஒருவர் 'ரெண்டாவது'. கோப்பையை மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்தே தூக்கினாங்க.

கருவியின் குறை

மிச்சக் கணக்கும் கவுண்ட் மாதிரிதான், எல்லாத்தையும் சொல்லாது. விக்கெட் மளமளன்னு சரியும்போது ஒருத்தர் நின்னு காப்பாத்தினால் அவர் பெயரில் பாக்கிதான் விழும், ஆனால் அவர் இல்லாவிட்டால் அணியே இல்லை. பவர்பிளேயில் ஃபீல்டர்கள் உள்ளே நிற்கும்போது அடிப்பதும், 15-வது ஓவரில் அடிப்பதும் ஒன்றில்லை. தொழில்முறை ஆய்வாளர்கள் இதையெல்லாம் சேர்த்து இன்னும் நுணுக்கமாகக் கணக்குப் போடுறாங்க. கேட்ச், ரன் அவுட், நெருக்கடியில் கேப்டனுக்குக் கொடுக்கிற தைரியம், இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் அடங்காது. ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் சரிபார்த்து, ரெண்டையும் ஆட்டத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இனி உங்க டோர்னமென்ட்டுக்கு

சரி, இதையெல்லாம் நம்ம கிரவுண்டுக்குக் கொண்டுவருவோம். டிபார்ட்மென்ட் டீமோ, ஊர் டீமோ, ஆள் எடுக்கும்போது என்ன நடக்கும்? "போன டோர்னமென்ட்ல யாரு அதிக ரன்?" என்று கேட்போம். ஓப்பனிங் இறங்கி 30 பந்தில் 31 அடித்தவன் பெயர் மேலே வரும். ஏழாவது இறங்கி 5 பந்தில் 14 அடித்து ஜெயிக்க வைத்தவனும், பத்து ரன் ஓவர் போற ஆட்டத்தில் ஆறு ரன்னோடு ஓவரை முடித்தவனும் லிஸ்ட்ல இருக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் அவங்க கிரவுண்டுக்கே வர மாட்டாங்க. ஒரு தப்பான எண் ஒரு நல்ல ஆட்டக்காரனை வெளியே அனுப்புறது இப்படித்தான்.

அதனால், அடுத்த ஆட்டத்துக்கு ஒரு 20 ரூபாய் நோட்டு வாங்குங்க. ஸ்கோர் எழுதுற ஆளிடம் அஞ்சு கட்டம் போடச் சொல்லுங்க:

1. பெயர்.
2. ரன், ஆடின பந்து.
3. உள்ளே இறங்கும்போது ஸ்கோர், விக்கெட், மீதிப் பந்து.
4. மிச்சம் அல்லது பாக்கி. முதலில் பேட்டிங் என்றால், ஆட்டம் முடிந்ததும் அணி மொத்தத்தை வைத்து ஒரு பந்துக்கு எத்தனை என்று கணக்கிடலாம்.
5. பந்துவீச்சாளர் என்றால், எந்தெந்த ஓவர் போட்டார், எவ்வளவு சேமித்தார்.

மூணாவது கட்டம்தான் முக்கியம். நாம பெரும்பாலும் எழுதாமல் விடுவது அதைத்தான். அஞ்சு ஆட்டம் முடிந்ததும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு டீம் எடுங்க. நீங்க எதிர்பார்க்காத ரெண்டு பெயராவது மேலே வரும்.

இன்னொண்ணு. நம்ம எல்லாருக்கும் சி.ஜி.பி.ஏ என்று ஓர் எண் இருக்கு. அதுவும் ஒரு சராசரிதான். முதல் செமஸ்டரில் ஒரு பாடம் அரியர் விழுந்து, இப்போ 'நான் அவ்வளவுதான்' என்று இருக்கிற ஜூனியர் யாராவது உங்க ரூம்ல இருந்தா, அவனுக்கு வாட்சனோட முதல் பத்துப் பந்தை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அடுத்த 47 பந்தை அவனே பார்த்துக்குவான்.